இரண்டில் ஒன்றுக்கு

தங்கையின் கணவருக்குக் கண் வெளுத்துவிட்டது என்று நெடுந்தீவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதே கிழமை கொழும்பு மருத்துவமனையிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அப்போது நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஒப்புநோக்குநராக இருந்தேன். மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்ப்பது என் தொழில். இரண்டு கடிதங்களையும் மேசையில் அருகருகே வைத்து வாசித்தேன். ஒன்று அவர் சுகமாகிவிட்டார் என்றது. மற்றது அவரும் மனைவியும் உடனே வரவேண்டும், இரத்தப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டும் என்றது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது என்று நினைத்தேன். அங்கேதான் நான் பிழைவிட்டேன்.

தொண்ணூறாம் ஆண்டின் தொடக்கம் அது. ரயில் ஓடியது. நெடுந்தீவு வள்ளம் புறப்படும் குறிகட்டுவானுக்கு பஸ் போனது. சண்டை ஓய்ந்துவிட்டது என்று நம்பிய சில மாதங்கள்.

தங்கையின் கணவர் கப்பலில் வேலை செய்தவர். ஆவணியில் விடுமுறைக்கு வந்து போனவர், தை மாதம் செங்கமாரி, அதாவது மஞ்சள் காமாலை, பிடித்துக் கண்ணும் நகமும் மஞ்சளாகத் திரும்பி வந்தார். வரும் வழியில் கொழும்பில் நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தார். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை நிற்கப் பொறுமையில்லாமல், என் விலாசத்தைக் கொடுத்துவிட்டு நெடுந்தீவுக்கு வந்துவிட்டார். செங்கமாரிக்கு ஊரில் வைத்தியம் இருக்கும்போது கொழும்பில் ஏன் கிடப்பான் என்றார்கள் அவருடைய ஆட்கள். கீழ்க்காய்நெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கரைத்து விடியற்காலையில் கொடுத்தார்கள். மீன், எண்ணெய், உறைப்பு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ஐந்து கிழமையில் கண் வெளுத்தது.

நெடுந்தீவில் செங்கமாரி மாறினால் அதற்கு ஒரு முடிப்பு இருக்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்து முழுகவார்த்து, பத்தியம் முறித்து, அயலுக்குச் சாப்பாடு கொடுப்பார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு நான் போயிருந்தேன், கொழும்புக் கடிதம் கைப்பைக்குள் இருந்தது. முற்றத்தில் பாய் விரித்து, நண்டுக் கறியும் திருக்கை வறையும் வைத்திருந்தார்கள். தங்கையின் கணவரை நடுவில் இருத்தி, அவருடைய அக்கா கீழ் இமையை விரலால் இழுத்து எல்லாருக்கும் காட்டினார்.

"வந்து பாருங்கோ. முட்டை வெள்ளைக்கரு மாதிரி இருக்கு. கொழும்பு டொக்டர்மாருக்கு இந்த இலையைத் தெரியுமோ?"

"அவைக்கு இலையெண்டால் வாழையிலைதான்," என்றார் ஒரு கிழவர். எல்லோரும் சிரித்தார்கள்.

தங்கை குசினி வாசலில் நின்று அகப்பையால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஆறு மாத வயிறு. அவள் அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். கொழும்புக் கடிதம் வந்ததை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. என்னுடைய கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசியில் இரண்டு பேரும் கொழும்புக்குப் போய்வந்தார்கள். உறுதிப்படுத்த அவருடைய இரத்தத்தை மறுபடி எடுத்தார்கள், அவளுடையதையும் எடுத்தார்கள். முடிவைக் கேட்க அவர்களால் மறுபடியும் அவ்வளவு தூரம் போக ஏலாது. அக்காவான என்னிடம் சொல்லலாம் என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். பங்குனியில் நான் போனேன்.

வைத்தியருக்கு ஐம்பது வயதிருக்கும். எங்கள் பக்கத்து ஆள். கதவைச் சாத்திவிட்டு, நான் இருந்த கதிரைக்கு எதிரே தன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவரிலை ரெண்டு கிருமி இருக்கு," என்றார். "ஒண்டு ஈரலுக்குப் போற ஹெபடைடிஸ் பி வகை. மற்றது எச்.ஐ.வி. ரெண்டும் ஒரே பாதையாலதான் வாறது. அதாலை ஒண்டு இருக்கிற ஆளிலை மற்றதும் இருந்தால் நாங்கள் ஆச்சரியப்படுறேல்லை."

அந்த ஆண்டு எங்கள் பத்திரிகையில் எயிட்ஸ் பற்றி மூன்று செய்திகள் வந்திருந்தன. மூன்றையும் நான்தான் ஒப்புநோக்கினேன். மூன்றிலும் 'மேல்நாடுகளில்' என்ற சொல் இருந்தது.

"கண் வெளுத்திட்டுதே டொக்டர். சுகம் எண்டு சாப்பாடும் குடுத்தாச்சு."

இல்லை என்று அவர் தலையசைத்தார். பிறகு சொன்னதை நான் அன்று மாலையே குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன்.

"ஈரலைக் கெடுக்கிறது அந்தக் கிருமி நேரடியா இல்லை. கிருமியைக் கலைக்க வாற எங்கட உடம்புதான் ஈரலுக்கை நிண்டு சண்டை பிடிக்கிறது. அந்தச் சண்டையிலைதான் கண் மஞ்சளாகும். உம்மட தங்கச்சியின்ர மனுசனுக்கு மற்றக் கிருமி சண்டை பிடிக்கிற ஆக்களைத் தின்னுது. இப்ப அங்கை சண்டை குறைஞ்சு போச்சு. ஈரல் கிருமி கதிரை போட்டு இருக்குது. அதுதான் கண் வெள்ளை."

நான் அவருடைய மேசையில் தாள்களின்மேல் இருந்த கண்ணாடிப் பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஊர் முழுக்கக் கூடி நின்று இமையை இழுத்துப் பார்த்து மகிழ்ந்த அந்த வெண்மை, உள்ளே காவல் விழுந்துவிட்டதற்கு அடையாளம். உடம்பு இவ்வளவு நுட்பமாக ஏமாற்றும் என்று நான் அறிந்திருக்கவில்லை. பயம் வருவதற்கு முன்னர் எனக்கு வந்தது வியப்பு. அதை இப்போதும் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

"தங்கச்சிக்கு?"

"ரெண்டும் இருக்கு."

பிள்ளையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"எச்.ஐ.வி.க்கு இப்ப எங்களிட்ட ஒண்டும் இல்லை. பிள்ளைக்கு வரலாம், வராமலும் விடலாம். தாய்ப்பால் குடுக்காமல் விட்டால் கொஞ்சம் நல்லது எண்டு சொல்லினம். அதுக்கு மேலை நான் சொன்னால் பொய். ஈரல் கிருமி அப்பிடி இல்லை. சும்மா விட்டால் பெரும்பாலும் பிள்ளைக்குப் போகும். பிறந்த கையோட தடுப்பூசி போட்டால் பெரும்பாலும் மறிக்கலாம். ஒரு நாளுக்குள்ளை போடவேணும். கெதியாப் போட்டால் இன்னும் நல்லது."

இதைத் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று ரயிலில் யோசித்தேன், பஸ்ஸில் யோசித்தேன், வள்ளத்தில் யோசித்தேன். கடைசியில் வைத்தியர் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். வீட்டின் பக்கத்தில், பவளக்கல் மதிலின் நிழலில், அவள் மாணவர்களின் கணக்குக் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். கணவர் உள்ளே படுத்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அவளுடைய சிவப்புப் பேனை ஒரு பெருக்கல் கணக்கின் மூன்றாவது வரியில் நின்றது. நான் முடித்தேன். அவள் அந்தக் கணக்கின் மீதி இரண்டு வரியையும் பார்த்து, சரி போட்டுவிட்டு, என்னைப் பார்த்தாள்.

"ரெண்டுக்கும் வழியில்லையோ?"

"ஒண்டுக்கு இருக்கு."

"எத்தினை மணித்தியாலத்துக்குள்ளை?"

"இருபத்துநாலு."

"ஊசி எங்கை?"

"கொழும்பிலை. டொக்டர் எடுத்துத் தாறன் எண்டவர்."

"அப்ப அதைப் பாப்பம்," என்று சொல்லிவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தாள்.

அவ்வளவுதான். நான் அழுதேன். அவள் என் பக்கம் திரும்பாமல், "அக்கா, அவர் எழும்பப் போறார், முகத்தைக் கழுவு," என்றாள். அன்றுதான் அவளை முதன்முறையாகப் பார்ப்பது போல இருந்தது. செய்ய முடியாததை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். அதன்மேல் ஒரு நிமிடமும் செலவழிக்கவில்லை. அவளிடம் இருந்த முழுப் பலமும் செய்யக்கூடிய அந்த ஒன்றுக்குப் போனது.

பிள்ளைப்பேற்றுக்கு யாழ்ப்பாணம் வா என்று கேட்டேன். மாட்டேன் என்றாள். கணவருக்கு அதற்குள் வயிற்றோட்டமும் காய்ச்சலும் மாறி மாறி வரத் தொடங்கியிருந்தன. சுகமான மனிதன் என்று ஊர் சொல்லும் ஒருவரை யாரிடம் என்ன சொல்லி விட்டுவிட்டு வருவது? ஊசி இங்கே வரட்டும் என்றாள். நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. பிள்ளைகளின் தடுப்பு மருந்துகள் அதற்குள்தான் இருந்தன.

வைகாசியில் நான் மறுபடி கொழும்புக்குப் போனேன். வைத்தியர் மூன்று சின்னக் கண்ணாடிக் குப்பிகளைக் கொடுத்தார். ஒன்று பிறந்த அன்று, ஒன்று ஒரு மாதத்தில், ஒன்று ஆறாம் மாதம். வாய் அகன்ற பிளாஸ்க்கில் பஞ்சு வைத்து, ஐஸ்கட்டிப் பையோடு அவற்றை இறக்கினார்.

"குளிர் வேணும். ஆனால் உறையக்கூடாது. வெக்கையைக் கொஞ்சம் தாங்கும். உறைஞ்சால் செத்துப்போம். பிறகு அது வெறும் தண்ணி."

மருந்தோடு வந்த துண்டுத்தாளை ரயிலில் இரண்டு முறை வாசித்தேன். தொழில் பழக்கம். வாசித்து முடித்து அதை ஒரு குப்பியைச் சுற்றி உருட்டி, மற்ற இரண்டுக்கும் நடுவே செருகினேன். ஏன் என்று கேட்டால் வேறு வைக்க இடமில்லை என்பதுதான் பதில்.

மறுநாள் முற்பகல் குறிகட்டுவானில் பஸ்ஸால் இறங்கினேன். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டது. இறங்குதுறையின் கற்களில் அலை ஏறி விழுந்தது. காலை நெடுந்தீவிலிருந்து வந்த வள்ளம் கட்டிக் கிடந்தது. அதில் வந்திறங்கிய ஒரு பெண் என்னைக் கண்டதும் கையைப் பிடித்தாள்.

"அக்கா, உங்கட தங்கச்சிக்கு விடியவே குத்துத் தொடங்கிட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போட்டினம்."

பிள்ளைப்பேற்றுக்குக் கணக்குப்படி இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. வள்ளக்காரரிடம் போனேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இப்ப ஏலாது தங்கச்சி. காத்துக் கொஞ்சம் விழட்டும்."

"எப்ப விழும்?"

"அதை என்னட்டக் கேட்டால்? காத்து என்ர மச்சானே?"

இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். பிளாஸ்க்கைத் திறந்து பார்த்தேன். ஐஸ் பாதி கரைந்திருந்தது. துறையடியில் மீன் வாங்கி யாழ்ப்பாணம் அனுப்பும் வியாபாரி ஒருவர் ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டிகளோடு இருந்தார். மடத்துவெளியைச் சேர்ந்தவர், பெரிய வயிறும் சின்னக் குரலும் உள்ள மனிதர். அவரிடம் கொஞ்சம் ஐஸ் கேட்டேன்.

"என்ன பிள்ளை, ஐஸ்பழமோ கொண்டு போறீர்?"

"குழந்தைப்பிள்ளையின்ர ஊசி மருந்து. என்ர தங்கச்சிக்கு நோ கண்டிட்டுது."

அவருடைய முகம் மாறியது. "அதை முதலே சொல்லுறதுக்கு என்ன? இஞ்சை தாரும்." பிளாஸ்க்கை வாங்கி, பெட்டிக்குள் கையை விட்டு நல்ல கட்டியாகப் பார்த்து எடுத்து உடைக்கத் தொடங்கினார். அந்த நேரம் வள்ளக்காரர் கூப்பிட்டார்; காற்று சற்று விழுந்திருந்தது. நான் ஓடிப்போய் இடம் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது பிளாஸ்க் மூடியிருந்தது. வியாபாரி அதை இரண்டு கையாலும் தந்தார்.

"பின்னேரம் மட்டும் கிடக்கும். கரையாது. நான் செய்த வேலை."

வள்ளம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. ஒவ்வொரு அலைக்கும் முன்பகுதி எழும்பி நின்று பொத்தென்று விழுந்தது. ஆட்கள் சத்தி எடுத்தார்கள். நான் பிளாஸ்க்கை மடியில் வைத்து முழங்கால்களால் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளை பிறந்து ஒரு மணித்தியாலம். பெண். தங்கை சுவர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தாள். அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "மணி என்ன?" இரண்டரை என்றேன். "பிறந்தது ஒண்டு முப்பத்தைஞ்சு," என்றாள். "எழுதி வை."

மருத்துவிச்சி நயினாதீவுக்காரி. மெலிந்த, வேகமான பெண். அவரிடம் என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த வேலை எனக்கு மிச்சம் இருக்கவில்லை. இடுப்பு நோவோடு கட்டிலில் ஏறும்போதே தங்கை அறையிலிருந்த மற்றவர்களை வெளியே அனுப்பச் சொல்லி, இரண்டு நோயின் பெயரையும் மருத்துவிச்சியிடம் தன் வாயால் சொல்லிவிட்டாள். அதை மருத்துவிச்சிதான் பிறகு எனக்குச் சொன்னார்.

"நான் கேக்கேல்லை. 'என்ர இரத்தம் உங்களிலை படக்கூடாது மிஸ்ஸி, அதாலை சொல்லுறன்' எண்டா. என்னட்ட இருந்தது ஒரு சோடிக் கையுறை. எடுத்துப் போட்டன். 'சொன்னது நல்லது, இப்ப காலை மடக்கும்' எண்டன். வேறை என்ன சொல்லுறது?"

நெடுந்தீவில் ஒரு வீட்டில் மாடு கன்று போட்டால் பொழுதுபடுவதற்குள் எல்லா வீட்டுக்கும் தெரியும். அந்தத் தீவில், குத்து வந்து மூச்சு வாங்கும் நேரத்தில், இன்னொரு பெண்ணின் கையைக் காப்பாற்ற அவள் தன் இரகசியத்தைத் திறந்து கொடுத்தாள். மருத்துவிச்சியும் பின்வாங்கவில்லை. அன்று அவர் கேட்டது அவரைத் தாண்டி வேறு எங்கும் போகவுமில்லை.

மருத்துவிச்சி பிளாஸ்க்கைத் திறந்தார். விரலை உள்ளே விட்டவர் சட்டென்று எடுத்து உதறினார்.

"இதென்ன, கடிக்குது!" ஈர விரலை நாக்கில் வைத்தார். "உப்பு. கடல்தண்ணி போச்சுதோ?"

போகவில்லை. மூடியை நான் கை எடுக்காமல் பிடித்திருந்தேன். அப்போதுதான் அந்தச் சின்னக் குரல் ஞாபகம் வந்தது. நான் செய்த வேலை. மீனுக்குப் போடும் ஐஸில் அவர்கள் கல்லுப்புத் தூவுவார்கள். குளிர் கூடும், மீன் இறுகும். தன் மீனுக்குச் செய்யும் மிக உயர்ந்த உபகாரத்தை அந்த மனிதர் முகம் தெரியாத ஒரு குழந்தைக்கும் செய்திருந்தார்.

பஞ்சில் உறைபனி வெள்ளைப் பூவாகப் பூத்திருந்தது. மூன்று குப்பியும் விரலில் ஒட்டிக்கொள்ளும் குளிர். ஒன்றை மருத்துவிச்சி வெளிச்சத்துக்குப் பிடித்தார். உள்ளே இருந்தது அசையவில்லை.

தங்கை கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "உறைஞ்சிட்டுதோ?"

மருத்துவிச்சி பேசினார். "பொறும். அவசரப்படாதையும். எல்லாம் ஒரே மாதிரி உறைஞ்சதோ எண்டு பாப்பம்."

அவருக்கு இது புதிதில்லை. குளிர்ப்பெட்டியின் திரி கூடி எரிந்த நாட்களில் முக்கூட்டு ஊசி மருந்து உறைந்து போயிருக்கிறது. உறைந்து உருகிய மருந்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவருக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மூன்று குப்பியையும் உள்ளங்கையில் வைத்து உருக விட்டார். தாள் சுற்றியிருந்த குப்பிக்கு அது தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன்; ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். பிறகு மூன்றையும் ஒரே கையில் பிடித்து நன்றாகக் குலுக்கினார். மூன்றும் ஒரே மாதிரிப் பால் போலக் கலங்கின. யன்னல் கட்டையில் வரிசையாக வைத்தார்.

"இனி ஆரும் தொடக்கூடாது. அரை மணித்தியாலம்."

நான் கதிரையை யன்னலுக்கு நேரே போட்டுக்கொண்டேன். பத்து நிமிடம் வரை ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகு இடது குப்பியின் மேற்பகுதியில் மயிரளவு தெளிவு ஒன்று தோன்றியது. அது கீழே கீழே வளர்ந்தது. வெண்மை சிறு சிறு துணுக்குகளாக, திரைந்த பால் போலத் திரண்டு அடிக்கு இறங்கியது. வலது குப்பியும் அதே போல. தாள் சுற்றியிருந்த நடுக்குப்பி மட்டும் கலங்கியபடியே நின்றது. இருபது நிமிடத்தில் இரண்டு பக்கமும் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் வண்டல். நடுவில் இருந்தது இன்னும் பால்.

என் வாழ்க்கையில் நான் ஆயிரக்கணக்கான பக்கங்களை வரிக்கு வரி பார்த்திருக்கிறேன். அந்த மூன்று குப்பிகளைப் பார்த்த மாதிரி எதையும் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று செத்ததையும், கண்ணுக்குத் தெரியாத ஒன்று உயிரோடு இருப்பதையும் ஒரு யன்னல் கட்டையில், பகல் வெளிச்சத்தில் பார்க்க முடிந்தது.

"நடுவிலை இருக்கிறது நல்லது எண்டு எப்பிடி நம்புறது மிஸ்ஸி?" என்று தங்கை கேட்டாள். கணக்கு ஆசிரியை.

"கெட்டது ரெண்டும் பக்கத்திலை இருக்கிறதாலைதான் நம்பலாம்," என்றார் மருத்துவிச்சி. "தனிய ஒண்டு இருந்திருந்தால் நான் என்னத்தோட ஒப்பிடுறது? நல்லதோ கெட்டதோ எண்டு தெரியாமல் போட்டிருப்பன். உப்புப் போட்ட மனுசன் எங்களுக்குச் சாட்சியும் தந்திருக்கிறார்."

தங்கை சற்று யோசித்தாள். பிறகு, "சரி, போடுங்கோ," என்றாள்.

மருத்துவிச்சி பிள்ளையின் தொடையைத் துடைத்து, குப்பியை மறுபடி மெல்லக் குலுக்கி, மருந்தை எடுத்துப் போட்டார். பிள்ளை அறை அதிரக் கத்தியது. "ஓமோம், உமக்கு நல்ல தொண்டை," என்றார் மருத்துவிச்சி. மணி மூன்று இருபத்தைந்து. அதையும் எழுதி வைக்கச் சொன்னாள் தங்கை.

திரும்பும்போது குறிகட்டுவானில் மீன் வியாபாரியிடம் உண்மையைச் சொன்னேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை. உறைந்தால் அந்த மருந்து செத்துவிடும், இரண்டு போய்விட்டது, ஒன்று தப்பியது என்றேன். அவர் ஐஸ் பெட்டியின் மூடியில் இருந்துவிட்டார்.

"நான் பிள்ளையின்ர மருந்தைச் சாக்காட்டிப்போட்டன்."

"இல்லை. ஒண்டு தப்பிட்டுது. போட்டாச்சு."

"மற்ற ரெண்டும்?"

"வேறை எடுக்கவேணும்."

"வந்த உடனை எனக்குச் சொல்லியனுப்பும். துறையிலை இருந்து நான் கொண்டுபோறன். உப்பில்லாமல். ஆஸ்பத்திரிச் சோறு மாதிரி."

வைத்தியர் மறுபடி இரண்டு குப்பி தந்தார். என்னோடு வேலை செய்த ஒருவர் கொழும்பிலிருந்து ரயிலில் கொண்டுவந்தார். வியாபாரி சொன்னபடி தானே நெடுந்தீவுக்குக் கொண்டுபோனார், ஐஸுக்கும் குப்பிக்கும் நடுவே தான் உடுக்கும் சாரம் ஒன்றைச் சுற்றி வைத்துக்கொண்டு. அடுத்த கிழமை சண்டை தொடங்கியது. ரயில் நின்றது.

அதன் பிறகு நான் நேரில் காணாதவை. தங்கையின் கடிதங்களிலும் பிறகு அவள் வாயிலும் கேட்டவை. இரண்டாவது ஊசியை நாள் தவறாமல் போட்டார்கள். ஆடியில் அவள் கணவர் இறந்தார். கண் கடைசி வரை வெள்ளையாகவே இருந்ததாம். நண்டுக் கறியை அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டோம் என்று அவருடைய அக்கா அழுதாராம். தங்கை பிள்ளைக்கு மாட்டுப்பாலைக் காய்ச்சிக் கொடுத்தாள். பால் இல்லாத தாய் என்று அயலில் சொன்னதற்கு அவள் மறுமொழி சொல்லவில்லை.

மண்ணெண்ணெய் வருவது நின்றது. ஊரில் விளக்குகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. குளிர்ப்பெட்டி அணைந்தால் மூன்றாவது குப்பியும், தீவின் மற்றப் பிள்ளைகளின் மருந்துகளும் போய்விடும். மருத்துவிச்சி ஒரு போத்தலோடு வீடு வீடாகப் போனார். "பிள்ளையளின்ர ஊசிக்கு ஒரு மூடி எண்ணெய் விடுங்கோ," என்று கேட்டார். ஒரு போத்தல் மூடி அளவு. அதைக் கொடுத்தால் அன்றைக்கு விளக்கை நேரத்தோடே அணைக்க வேண்டும். விட்டார்கள். யாருடைய பிள்ளை என்று கேட்காமல், அந்தப் பெட்டிக்குள் எதுவெது இருக்கிறது என்று தெரியாமல், கார்த்திகை வரைக்கும் விட்டார்கள். மூன்றாவது ஊசியும் நாள் தவறவில்லை. இதை வாசித்த அன்று கடிதத்தை மடிக்க எனக்கு நெடுநேரம் எடுத்தது.

பிள்ளைக்கு மூன்று வயது முடிந்த பிறகுதான் தங்கையால் கொழும்புக்கு வர முடிந்தது. கப்பலில் வந்தாள். நான் அதற்கு முன்னரே கொழும்புக்கு வந்துவிட்டிருந்தேன். இறங்குதுறையில் அவளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எலும்பும் கண்ணுமாக இருந்தாள். பிள்ளை கொழுத்திருந்தது.

அதே வைத்தியர். பிள்ளையின் இரத்தம் எடுத்துப் பத்து நாளில் கூப்பிட்டார். தங்கையும் பிள்ளையும் நானும் போனோம். அவர் தாளை மேசையில் வைத்து, எங்கள் பக்கம் திருப்பினார்.

"ஈரல் கிருமி இல்லை. தடுப்பூசி நல்லாப் பிடிச்சிருக்கு, அதுக்குரிய எதிர்ப்பு இரத்தத்திலை இருக்கு."

தங்கை தலையசைத்தாள். அவள் கேட்டு வந்தது அவ்வளவுதான். மூன்று வருடத்தில் ஒரு கடிதத்திலும் மற்றதைப் பற்றி அவள் எழுதியதில்லை.

"மற்றதும் இல்லை," என்றார் வைத்தியர். "எச்.ஐ.வி. இல்லை. ரெண்டு தரம் பாத்தனாங்கள்."

அவள் தாளை இழுத்து, விரலை வைத்து வாசித்தாள். முதல் வரி, இரண்டாவது வரி, மறுபடி முதல் வரி. பிள்ளை மேசைக்குக் கீழே போய் வைத்தியரின் சப்பாத்து நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தது. அவர் காலை அசைக்கவில்லை.

"அப்ப டொக்டர்," என்றாள் தங்கை, "இவளை இனி ஆரிட்டயும் வளர விடலாம். ஆரும் பயப்பிடத் தேவையில்லை. அப்பிடித்தானே?"

"ஓம். ஆரிட்டயும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மதிலடியில் கொப்பி திருத்திய அன்று தொடங்கி அவள் எதை நோக்கி ஓடினாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளையைக் காப்பாற்ற மட்டும் அல்ல. தான் இல்லாதபோது யாரும் கைநீட்டித் தூக்கக்கூடிய பிள்ளையாக அவளை விட்டுப் போவதற்கு.

"அக்கா?" என்றாள்.

"ஓம்," என்றேன்.

அவள் குனிந்து பிள்ளையை மேசைக்குக் கீழிருந்து இழுத்தெடுத்தாள். தூக்கும் பலம் அவளுக்கு இல்லை. நான் எழும்பிப் போய் வாங்கினேன்.